நம்ம கிருமி நல்ல கிருமி!

டாக்டருக்குப் படிக்கிறவர்கள் கிருமிகளை பாக்டீரியா, வைரஸ், ஃபங்கஸ் என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வாயில் நுழையாத ஒரு லத்தீன் பெயரை ராத்திரி பூரா உருப்போட்டுப் பரீட்சை எழுதுகிறார்கள். பாவம்! நம் வீடுகளில் இவ்வளவு சிரமம் கிடையாது. கிருமிகள் இரண்டே ஜாதிதான். ஒன்று, நம்ம கிருமி. இன்னொன்று, அடுத்தவன் கிருமி.

நம்ம கிருமி சாது. வருஷக்கணக்காகக் கூடவே இருக்கிறது. ரேஷன் கார்டில் பெயர் சேர்க்காததுதான் பாக்கி. அடுத்தவன் கிருமி இருக்கிறதே, அதுதான் படுபாவி. பஸ் கம்பியில் தொங்கும், ஓட்டல் டம்ளரில் ஒளிந்திருக்கும், தியேட்டர் சீட்டில் நமக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருக்கும்.

சந்தேகம் இருந்தால் ஆபீஸ் போகும் ஆண்பிள்ளையின் கர்ச்சீப்பை எடுத்துக்கொள்ளுங்கள். (உதாரணத்துக்கு! கையில் எடுக்க வேண்டாம்.) காலை எட்டரைக்கு அது பஸ் சீட்டைத் தட்டுகிறது. எட்டே முக்காலுக்கு நெற்றி வியர்வை. ஒன்பதுக்கு ஒரு தும்மல். பத்து மணிக்கு மூக்குக் கண்ணாடி, பதினொன்றுக்கு மானிட்டர் மேல் தூசி. மத்தியானம் மெஸ்ஸில் போய் உட்கார்ந்ததும் நம்ம ஆள் ஸ்பூனை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். முகம் சுளிக்கிறார். "கழுவவே மாட்டானுங்க சார்" என்றபடி பேன்ட் பாக்கெட்டிலிருந்து அதே கர்ச்சீப்பை உருவி, ஸ்பூனை அழுத்தித் துடைத்து, திருப்தியாக சாம்பார் சாதத்துக்குள் இறக்குகிறார். மெஸ்காரர் கொதிக்கிற தண்ணீரில் முக்கி எடுத்து வைத்த ஸ்பூனாகவே இருந்தாலும் அதற்கு இதுதான் கதி.

வாழையிலைக்கும் இதே மரியாதைதான். டம்ளரிலிருந்து நாலு சொட்டுத் தெளித்து, கையால் ஒரு தடவு தடவி உதறிவிட்டால் இலை சுத்தம். காலையிலிருந்து பைக் ஹேண்டில்பார், லிஃப்ட் பட்டன், ஏ.டி.எம். மெஷின், பத்து ரூபாய் நோட்டு எல்லாவற்றையும் பிடித்த கை அது. கை இலையைத் துடைக்கிறதா, இலை கையைத் துடைக்கிறதா என்று பட்டிமன்றமே வைக்கலாம்.

நம் ஊரில் கை கழுவுவது சாப்பிட்ட பிறகு செய்கிற காரியம். அப்போது பாருங்கள்... சோப்பு என்ன, நகக்கண் என்ன, முகர்ந்து பார்த்து "இன்னும் மீன் வாசனை போகலை" என்று செகண்ட் ரவுண்ட் என்ன! சாப்பிடுவதற்கு முன்னால்? குழாயைத் திறந்து மூன்று விரல் நுனியைத் தண்ணீருக்குக் காட்டுவோம். கற்பூர ஆரத்தியை ஒற்றிக்கொள்கிற மாதிரி. சர்க்காரே இதைக் கணக்கெடுத்திருக்கிறது. 2018-ல் தேசிய மாதிரி ஆய்வின் 76-வது சுற்றில் வீடு வீடாகப் போய்க் கேட்டார்கள். சாப்பாட்டுக்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவுவதாகச் சொன்ன குடும்பங்கள் 100-க்கு 36 கூட இல்லை. வெறும் தண்ணீர்தான் என்றவை 60. 'சொன்ன' என்பதைக் கொஞ்சம் அழுத்திப் படிக்கவும். சர்க்கார் ஆள் வீட்டுக்கு வந்து கேட்டால் வருமானத்தைக் குறைத்தும், சுத்தத்தைக் கூட்டியும் சொல்வதுதானே நம் மரபு!

அதாவது, நாம் கழுவுவது கிருமிக்காக இல்லை. குழம்புக்காக. கண்ணுக்குத் தெரிந்தால் அழுக்கு. மூக்குக்குத் தெரிந்தால் நாற்றம். இரண்டுக்கும் தெரியாவிட்டால் சுத்தம். திருவல்லிக்கேணி மான்ஷன்களில் நேற்றுப் போட்ட சட்டையை இன்னும் ஒரு நாள் ஓட்டலாமா என்று தீர்மானிப்பது இந்த அடிப்படையில்தான். அக்குள் பக்கம் மூக்கை வைத்துப் பார்த்து, பாஸா ஃபெயிலா என்று அங்கேயே ரிசல்ட். அரியர்ஸ் வைத்திருக்கும் சட்டைகளும் உண்டு.

குடும்பஸ்தர்கள் வீட்டில் அந்த மூக்கு வேலையை ஃபினாயில் பார்த்துக்கொள்கிறது. ஒரு பக்கெட் தண்ணீர், இரண்டு மூடி ஃபினாயில், ஒரு பழைய துணி. ஹாலில் ஆரம்பித்து பெட்ரூம், சமையலறை என்று அதே தண்ணீர் ஊர்வலம் போகும். மூன்றாவது ரூமுக்கு வரும்போது டிகாக்‌ஷன் நிறத்தில் இருக்கும். ஆனாலும் வீடு பூரா 'கும்'மென்று வாசனை அடிக்கிறதா? சுத்தம்! நான் பார்த்தவரை இந்த முறையில் அழுக்கு வீட்டை விட்டுப் போவதே இல்லை. எல்லா ரூமுக்கும் சமமாகப் பங்கிடப்படுகிறது. இந்தியாவில் சோஷலிசம் முழு வெற்றி பெற்ற இடம் இது ஒன்றுதான்.

தரையில் முறுக்கு விழுந்தால்? எடுத்து இரண்டு ஊது ஊதி, "ஒண்ணும் ஆகாதுடா, சாப்பிடு." அமெரிக்கர்களுக்கு ஊதுகிற சம்பிரதாயம் கிடையாது. ஐந்து செகண்டுக்குள் எடுத்துவிட்டால் கிருமி ஏறாது என்று அவர்களுக்கு ஒரு சாஸ்திரம். 2016-ல் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் இதை மெனக்கெட்டுப் பரிசோதித்தே பார்த்துவிட்டார்கள். தர்பூசணி, ரொட்டி, வெண்ணெய் தடவிய ரொட்டி, ஜெல்லி மிட்டாய் என்று வரிசையாக ஸ்டீல், டைல்ஸ், மரம், கார்ப்பெட் மேல் போட்டுப் போட்டு எடுத்தார்கள். ஒரு செகண்டுக்குள்ளேயே கிருமி ஏறிவிடுகிறது. ஈரமான தர்பூசணியில்தான் அதிகம், ஜெல்லி மிட்டாயில் குறைவு. ஊதினால் கூடுதலாக நம் வாய்க் கிருமியும் போனஸ்.

இதிலும் அந்த இரண்டு ஜாதி வேலை செய்கிறது, கவனித்திருக்கிறீர்களா? நம் வீட்டுத் தரையில் விழுந்தால் ஊதல். அடுத்த வீட்டுத் தரையில் விழுந்தால், "சீ... கீழே விழுந்ததை எடுக்காதே கண்ணா!"

வாய்க் கிருமியை முதன்முதலில் பார்த்தவர் ஒரு ஜவுளிக்கடைக்காரர். ஹாலந்தில் டெல்ஃப்ட் ஊர், பெயர் லீவன்ஹூக். துணி வியாபாரம் பண்ணிக்கொண்டே பூதக்கண்ணாடிகளைத் தானே தேய்த்துத் தேய்த்து, 1683-ல் தன் பல் இடுக்கிலிருந்து கொஞ்சம் சுரண்டி வைத்துப் பார்த்தார். உள்ளே ஒரு ஜனசமுத்திரமே நீந்திக்கொண்டிருந்தது. உடனே லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். பி.காம். படித்தவன் என்கிற முறையில் எனக்கு இதில் ஒரு பெருமை உண்டு. கிருமியைக் கண்டுபிடித்தது சயின்ஸ் குரூப் இல்லை, எங்க ஆளு! அதைவிட முக்கியம், அவர் பக்கத்து வீட்டுக்காரன் பல்லில் ஆரம்பிக்கவில்லை. சொந்தப் பல்லில் ஆரம்பித்தார்.

அது எல்லோராலும் முடிகிற காரியம் இல்லை. 1847-ல் வியன்னா பொது மருத்துவமனையில் நடந்த கதை தெரியுமோ? அங்கே இரண்டு பிரசவ வார்டுகள். ஒன்றில் டாக்டர்களும் மருத்துவ மாணவர்களும், இன்னொன்றில் மருத்துவச்சிகள். டாக்டர் வார்டில்தான் தாய்மார்கள் ஜுரம் கண்டு கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். 'அந்த வார்டு வேண்டாம்' என்று கர்ப்பிணிகள் காலில் விழுந்து கெஞ்சினார்களாம். காற்று சரியில்லை, கூட்டம் அதிகம் என்று ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டிருந்தபோது இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற இளம் டாக்டர் (பெயரிலேயே செம்மல்!) ஒரு விஷயத்தைக் கவனித்தார். டாக்டர்கள் காலையில் பிணத்தை அறுத்துப் பார்த்துவிட்டு, அதே கையோடு பிரசவ வார்டுக்கு வருகிறார்கள். மருத்துவச்சிகளுக்குப் பிணவறை வேலை கிடையாது. அவ்வளவுதான் வித்தியாசம்.

மே மாதம் வாசலில் குளோரின் கலந்த தண்ணீரை வைத்து, 'கையைக் கழுவாமல் உள்ளே வராதே' என்றார். ஏப்ரலில் 100-க்கு 18 பேர் செத்த வார்டில், ஜூலையில் ஒன்று சொச்சம்.

தூக்கி வைத்துக் கொண்டாடியிருக்க வேண்டாமா? பெரிய டாக்டர்கள் பலருக்குக் கோபம்தான் வந்தது. 'எங்க கை அழுக்கா? எங்க கையால் சாவா?' கிருமி என்ற விஷயமே அப்போது நிரூபணமாகாத காலம் என்பது அவர்கள் பக்க நியாயம். ஆனால் கணக்கு கண்ணெதிரே இருந்தது. கடைசியில் செம்மல்வைஸ் மனநல விடுதியில் அடைக்கப்பட்டு, 1865-ல் 47 வயதில் செத்துப்போனார். அடுத்தவன் கிருமி என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே ஏற்றுக்கொண்டிருப்பார்கள். நம்ம கிருமி என்று சொன்னதுதான் வம்பாகிவிட்டது.

நியாயமாகப் பேசினால் நம்ம கிருமிக்கு ஆதரவாகவும் நாலு வார்த்தை சொல்ல வேண்டும். ராத்திரி கரைத்து வைத்த இட்லி மாவு காலையில் பாத்திரத்தைத் தள்ளிக்கொண்டு எழுந்து நிற்கிறதே, அது லூகோநாஸ்டாக் என்ற பாக்டீரியாவின் ராப்பகல் உழைப்பு. தயிர், லாக்டோபேசிலஸ் கோஷ்டியின் உபயம். தயிர் சாதம் சாப்பிட்டுக்கொண்டே "எனக்கு பாக்டீரியான்னாலே அலர்ஜி சார்" என்று சொல்பவரை என்ன செய்வது? ஊறுகாய் போட்டுவிட்டுப் போக வேண்டியதுதான்.

ஆனால் எல்லாக் கிருமியும் இட்லி சுட்டுக் கொடுக்காது. சமையலறையிலேயே கிருமி அடர்த்தி அதிகமான இடங்களில் ஒன்று எது தெரியுமா? குப்பைக்கூடை என்பீர்கள். அதுதான் இல்லை. பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்ச். 2017-ல் ஜெர்மனியில், வீடுகளில் உபயோகித்த 14 ஸ்பாஞ்சுகளை வாங்கி ஆராய்ந்தார்கள். கிருமி அதிகம் மொய்த்த இடங்களில் ஒரு கன சென்டிமீட்டருக்கு, அதாவது ஊறின கொண்டைக்கடலை சைஸுக்கு, 5,400 கோடி பாக்டீரியா! உலக ஜனத்தொகையைப் போல ஆறு மடங்குக்கு மேல். எல்லாமே ஆளைச் சாய்க்கிற ரகம் இல்லை என்றாலும், அந்தக் கூட்டத்தில் ரவுடிகளுக்கு உறவுக்காரர்களும் இருந்தார்கள். இன்னொரு வேடிக்கை, "நாங்க ஸ்பாஞ்சை அப்பப்போ சுத்தம் பண்ணுவோமே" என்ற வீடுகளின் ஸ்பாஞ்சிலும் கூட்டம் குறைவாக இல்லை. வாரத்துக்கு ஒன்று மாற்றுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

"99.9 சதவீதம் கிருமியைக் கொல்லும்னு டி.வி.யில சொல்றாங்களே, அதுல முக்கி எடுத்தா?" என்றாள் என் மனைவி.

காமர்ஸ்காரனிடம் சதவீதம் பேசலாமா? பேப்பரை எடுத்தேன். 5,400 கோடியில் 99.9 போனால் மீதி 0.1. அதாவது 5 கோடியே 40 லட்சம். தமிழ்நாட்டு ஜனத்தொகையில் முக்கால்வாசி மிச்சம். சரி, போகட்டும். ஈரமும், சூடும், சாப்பாடும் ஒத்து வந்தால் ஈ.கோலி மாதிரி பாக்டீரியா 20 நிமிஷத்துக்கு ஒரு தரம் இரட்டிப்பாகும். எந்த பாங்க்கும் தராத கூட்டு வட்டி! பத்துத் தடவை இரட்டித்தால் ஆயிரம் மடங்கு. 200 நிமிஷம். கொன்றதாகச் சொன்ன அத்தனையும், ஒரு நீளமான தமிழ்ப் படம் பார்த்துவிட்டு நாம் வீடு திரும்புவதற்குள் திரும்ப ஆஜர்.

"அப்ப என்னதான் பண்றது?"

"காய வை. ஈரம் இல்லாவிட்டால் அதால் பெருக முடியாது. அந்தக் காலத்துத் தேங்காய் நார் மாதிரி, ரெண்டு நாள் தேய்த்துவிட்டுத் தூக்கிப் போட்டுவிட்டால் இன்னும் உத்தமம்."

"காசு கொடுத்து வாங்கினதை எப்படித் தூக்கிப் போடறது?" என்றாள். காமர்ஸ் படித்தது நான்தானா என்று சில சமயம் சந்தேகமாக இருக்கிறது.

கைக்குக்கூட சாதாரண சோப்பே போதும். 2016-ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் டிரைக்ளோசான் உள்பட 19 கிருமிநாசினிச் சரக்குகளைக் கை, உடம்பு கழுவுகிற சோப்புகளில் போடக் கூடாது என்று நிறுத்திவிட்டது. வெறும் சோப்பையும் தண்ணீரையும் விட இவை உசத்தி என்று கம்பெனிகளால் காட்ட முடியவில்லை. சோப்பு கிருமியைத் துரத்தித் துரத்திக் கொல்ல வேண்டும் என்பதில்லை. வழுக்கி விட்டுத் தண்ணீரோடு அனுப்பினால் சரி. அதற்கு 20 செகண்ட் தேய்க்க வேண்டும். அங்கேதான் நமக்கு அவசரம் வந்துவிடுகிறது. கழுவிய கை நேராக எங்கே போகிறது? செல்போனுக்கு. 2011-ல் பிரிட்டனில் 12 ஊர்களில் செல்போன்களைச் சோதித்தபோது ஆறில் ஒன்றில் மலத்தோடு சம்பந்தப்பட்ட ஈ.கோலி இருந்தது. அதில்தான் கன்னத்தை வைத்துக்கொண்டு காதலியிடம் "குட் நைட்" சொல்கிறோம்.

நம் பெரியவர்களுக்குச் சுத்தம் தெரியாதா என்று கேட்டு யாராவது சண்டைக்கு வருவதற்குள் சொல்லிவிடுகிறேன். எச்சில் பார்ப்பதில் விஷயம் இருக்கிறது. சொம்பை வாயில் வைக்காமல் அண்ணாந்து குடிப்பது முதல் தரமான பழக்கம். தொண்டைக்குள் ஜலதரங்கம் வாசிக்கிற மாதிரி சத்தம் வந்தாலும் மன்னிக்கலாம். ஆனால் அண்ணாந்து குடித்த அதே சொம்பை, அதைப் பிடித்த விரல்களோடு மறுபடி குடத்துக்குள் முக்கி எடுப்போமே, அங்கேதான் கோட்டை விடுகிறோம். உதட்டுக்கு 144 தடை உத்தரவு, விரலுக்கு ராஜ மரியாதை! காலராக் கிருமியை ராபர்ட் காக் 1884-ல் கல்கத்தாவில் ஒரு குளத்துத் தண்ணீரிலேயே காட்டினார். நூறு வருஷம் கழித்து, அதே கல்கத்தாச் சேரிகளில், காலரா வந்த வீடுகளுக்குக் கழுத்துக் குறுகலான மண் கூஜாக்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். கை உள்ளே போகாது, சாய்த்துத்தான் ஊற்ற வேண்டும். வீட்டில் மற்றவர்களுக்குத் தொற்றுவது நன்றாகவே குறைந்தது என்று 1986-ல் கட்டுரை வெளியானது. மருந்தில்லை, மாத்திரையில்லை. கை போகிற வழியை அடைத்தார்கள்.

கிருமி விஷயத்தில் எல்லாமே இந்த 'வழி'தான். யாருடையது என்று அது பார்ப்பதில்லை. நாம்தான் பார்க்கிறோம். இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தேன்.

மடிப்பாக்கம் பக்கம் ஒரு ஃப்ளாட்டில் நாங்கள் குடியிருக்கிறோம். (ஊர்ப் பெயரிலேயே மடி!) எங்கள் மாடியில் நாலு வீட்டுக்கு ஒரே அக்காதான் பாத்திரம் தேய்க்கிறார். எதிர் ஃப்ளாட்டில் அவருக்குத் தனி டம்ளர். அடியில் சிவப்பு நெய்ல் பாலிஷ் வைத்து அடையாளம். அந்த வீட்டுக்காரர் நல்ல மனுஷர், கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய வேலை. "தப்பா நினைக்காதீங்க சார். ஜாதியெல்லாம் நான் பார்க்கறதே இல்லை. ஜஸ்ட் ஹைஜீன்" என்றார்.

இதையே டீக்கடையில் செய்தால் இரட்டைக் குவளை. கேஸ் போடலாம். ஃப்ளாட்டில் செய்தால் ஹைஜீன்.

சரி, ஹைஜீன் என்றே வைத்துக்கொண்டு கணக்குப் பார்ப்போம். அந்த வீட்டுக் கீரையை ஆய்வது அக்காவின் கை. அரிசி களைவது அக்காவின் கை. குழந்தையின் பால் பாட்டிலைக் கழுவுவதும் அதே கை. அங்கெல்லாம் கிருமி இல்லை. டீ குடிக்கும்போது மட்டும் வந்துவிடுகிறது! குடித்து முடித்ததும் சிவப்பு டம்ளரைக் கழுவுவது யார்? அக்காதான். எந்தத் தொட்டியில்? அதே தொட்டியில். எதைக்கொண்டு? அதே ஸ்பாஞ்ச். அதே ஸ்பாஞ்சால் அடுத்தபடியாக சாரின் காபி டம்ளர், மேடத்தின் கப், குழந்தையின் கிண்ணம். 5,400 கோடிப் பேரும் ஸ்பாஞ்ச் வரை ஒன்றாக வந்துவிட்டு, அங்கே நின்று, "இது சார் டம்ளர்ப்பா, நாம ஏறக் கூடாது" என்று ஒதுங்கிக்கொள்ளுமா?

"அந்தம்மாவுக்கு ஏதாவது வியாதி இருந்தா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி, திசைதான் தப்பு. நாலு வீட்டுக்காரர்களின் எச்சில் தட்டையும் தினம் கையால் தொடுவது அவர். தனி டம்ளர் கேட்கும் உரிமை யாருக்காவது உண்டென்றால் அவருக்குத்தான் உண்டு.

2020-லும் பார்த்தோமே. கொரோனா இந்தியாவுக்கு வந்தது விமானத்தில். ஜனவரி 30-ல் கேரளாவில் கண்ட முதல் கேஸே சீனாவிலிருந்து திரும்பி வந்தவர். ஆனால் ஊரடங்கு தளர்ந்த பிறகும் எத்தனையோ ஃப்ளாட் வாசல்களில் தடை விழுந்தது, ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கும் வேலைக்காரம்மாக்களுக்குத்தான். பால் பாக்கெட்டையெல்லாம் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினோம். பொருளைத் தொட்டுப் பரவுவது அபூர்வம், மூச்சுக் காற்றுதான் பிரதான வழி என்று பிற்பாடு தெரிந்தது. கதவு ஜன்னலைத் திறந்து வைத்திருந்தாலே பாதிப் புண்ணியம். எங்கள் பிளாக்கில் திறந்தது லிஃப்ட் கதவு மட்டும்தான். அதிலும் வேலையாட்கள் ஏறக் கூடாது என்று போட்ட நோட்டீஸை, கொரோனா போன பிறகும் கிழிக்க யாருக்கும் கை வரவில்லை.

போன வாரம் அக்கா எங்கள் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது பேச்சுக் கொடுத்தேன். காலை ஆறரைக்கு வந்தால் ஒரு மணி வரை நாலு வீடு. நாலில் மூன்று வீட்டில் பாத்ரூம் போகக் கூடாது.

"அப்போ?"

"தண்ணி கம்மியா குடிச்சுக்குவேன் சார். பழகிடுச்சு."

காய்ச்சல் வந்தால்? ஒரு நாள் லீவுக்கு ஒரு நாள் சம்பளம் கட். அதனால் காய்ச்சலோடு வந்து தேய்ப்பார். இருமல் வந்தால் முந்தானையை வாயில் கட்டிக்கொண்டு வந்து தேய்ப்பார். கிருமிக்கு இதைவிட நல்ல ராஜபாட்டையை யாரால் போட்டுக் கொடுக்க முடியும்? டம்ளரில் சிவப்புப் பொட்டு வைக்கிற செலவை விட, இரண்டு நாள் சம்பளத்தோடு 'வீட்டுல படுத்திருங்க' என்று சொல்வதற்கு ஆகிற செலவு கொஞ்சம் அதிகம்தான். ஆனால் அதுதான் அசல் ஹைஜீன். (நாங்கள் கட் பண்ணுவதில்லை. ஏனென்றால், அக்கா சம்பள விஷயம் மனைவியின் டிபார்ட்மென்ட். நான் ஆடிட்டர் மட்டும்.)

"எதிர்வீட்டுல உங்களுக்குத் தனி டம்ளராமே அக்கா, சிவப்புப் பொட்டு வச்சு?" என்றேன், கொஞ்சம் தயங்கி.

அக்கா சிரித்துவிட்டார்.

"அந்தச் செவப்பு எப்பவோ பூடுச்சு சார். தெனம் ரெண்டு வேளை தேய்ச்சா நிக்குமா? எல்லாம் ஒரே செட்டு, ஒரே சைஸு. எது என் டம்ளர்னு எனக்கே தெரியாது. அந்தம்மாவுக்கும் தெரியாது. அடியைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, குத்துமதிப்பா ஒண்ணுல ஊத்திக் குடுக்கறாங்க. ஆறு மாசமாவே அப்பிடித்தான்."

"நீங்க சொல்லலையா?"

"சொன்னா மறுபடி பொட்டு வைப்பாங்க. எதுக்கு?"

டம்ளரைத் தொட்டியில் போட்டுவிட்டு, ஸ்பாஞ்சைக் கையில் எடுத்தவர் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க பத்திரிகையில எழுதறீங்கன்னு அம்மா சொன்னாங்க. இத்தெல்லாம் எழுதுவீங்களா சார்?"

"பேர் போடாம எழுதலாம்னு பார்க்கறேன்."

"எழுதறதா இருந்தா எல்லா வீட்டுலயும் புது ஸ்பாஞ்ச் வாங்கித் தரச் சொல்லி எழுதுங்க சார். எதிர்வீட்டுல இருக்கறது தீபாவளிக்கு மாத்துனது."